எரிவாயு ஸ்மார்ட் மீட்டரும் செயலிகளும்: இரண்டு குளிர்காலத்துக்குப் பின் ஒரு மதிப்பீடு

மதுரையில் என் அம்மா சிலிண்டரை ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு, எந்த உயரம் வரை ஈரம் காயாமல் நிற்கிறது என்று பார்த்தே உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுவார். "இன்னும் பத்து நாள் வரும்" என்று அவர் சொன்னால், எட்டு நாளுக்குக் குறையாமலும் பன்னிரண்டு நாளுக்கு மிகாமலும் அது வரும். லண்டனில் குழாய்வழி எரிவாயு வரும் வீட்டில் குடியேறிய பிறகு இந்தக் கைக்கணக்குக்கு வேலை இல்லாமல் போயிற்று. துடைத்துப் பார்க்க இங்கே பாத்திரம் ஏதும் இல்லை. எரித்து முடித்து, மாதமும் கழிந்த பிறகு பில் மட்டும் வந்து சேர்கிறது. எங்கள் வீட்டுப் பழைய எரிவாயு மீட்டரை மாற்றி ஸ்மார்ட் மீட்டர் பொருத்தி இரண்டு குளிர்காலம் ஆகிவிட்ட நிலையில், அது காட்டும் அளவை எந்த மட்டுக்கு நம்பலாம், உடன் தரும் சிறு திரை எதற்கு உதவுகிறது, செயலிகள் சொல்வதில் பயனுள்ளது எது என்பதைப் பயன்படுத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் பழைய மீட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடிப்படிக்கு அடியில் பெருக்குமாறுக்கும் பழைய செருப்புகளுக்கும் பின்னால் இருந்த அந்த மீட்டர் நூறு கன அடிக் கணக்கில் அளப்பது. குடியேறிய முதல் ஆண்டில் ஏழு மாதங்கள் தொடர்ந்து, நேரில் பார்க்காமல் உத்தேசமாகக் கணக்கிட்ட பில்லையே எங்களுக்கு எரிவாயு விற்கும் நிறுவனம் அனுப்பிக்கொண்டிருந்தது. பில்லின் ஓரத்தில் 'மதிப்பீடு' என்று பொடி எழுத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்து, மீட்டரைப் படித்து எண்ணை அனுப்பியபோது, குறைத்து மதிப்பிட்ட ஏழு மாதத்தின் பாக்கியும் ஒரே மாதத்தின் தலையில் வந்து இறங்கியது. பிரிட்டனில் 2018 முதல், பன்னிரண்டு மாதங்களுக்கு முந்தைய பயன்பாட்டுக்கு நிறுவனங்கள் பின்னோக்கிப் பில் போடக் கூடாது என்ற விதி இருக்கிறது. ஏழு மாதத்துக்கு அந்த விதி எந்த விதத்திலும் துணைக்கு வரவில்லை. நான் ஸ்மார்ட் மீட்டருக்கு எழுதிக் கொடுத்ததற்கு இந்த ஒரு பில்லே காரணம்.

பொருத்துவதற்குத் தனியாகப் பணம் வாங்குவதில்லை. அதன் செலவு எல்லோருடைய பில்லிலும் பரவலாக ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது என்பதால் அதை இலவசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டாயமும் இல்லை, வேண்டாம் என்று மறுக்கலாம். வந்த பொறியாளர் வீட்டுக்கு வரும் எரிவாயுவை நிறுத்தி, மின் மீட்டரையும் எரிவாயு மீட்டரையும் மாற்றி, கசிவு இருக்கிறதா என்று சோதித்து, அறைகளுக்கு வெப்பமும் குழாய்க்கு வெந்நீரும் தரும் பாய்லரையும் அடுப்பையும் மீண்டும் எரியவைத்துக் காட்டிவிட்டுப் போனார். அரைநாள் விடுப்பு போதுமானதாக இருந்தது.

இந்த மீட்டர் எப்படிப் பேசுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதன் குறைகளை எடைபோட முடியாது. எரிவாயு மீட்டருக்கு மின் இணைப்பு கிடையாது; உள்ளே இருக்கும் பேட்டரி பல ஆண்டுகளுக்குத் தாக்குப்பிடிக்க வேண்டும். ஆகவே அது பெரும்பாலான நேரம் தன் வானலைத் தொடர்பை அணைத்துவிட்டுத் தூங்குகிறது, அரை மணிக்கு ஒரு முறை விழித்து, மின் மீட்டரின் மேல் உட்கார்ந்திருக்கும் தொடர்புப் பெட்டிக்குத் தன் எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கிவிடுகிறது. வீட்டுக்குள் இந்தப் பேச்சு ஜிக்பீ என்ற குறுந்தொலைவு வானலை வழியே நடக்கிறது. வீட்டுக்கு வெளியே, இங்கிலாந்தின் மத்திய, தென் பகுதிகளில் கைபேசி வலையமைப்பு வழியாகவும், வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் நெடுந்தூர வானலை வழியாகவும், டி.சி.சி. என்ற நாடு தழுவிய தரவுத் தொடர்பு அமைப்புக்குப் போய், அங்கிருந்து நிறுவனத்தைச் சேர்கிறது. மின்சாரத்தின் அளவு வீட்டுத் திரையில் பத்து விநாடிக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுவதும், எரிவாயுவின் அளவு அரை மணிக்கு ஒரு முறை மட்டுமே நகர்வதும் இதனால்தான்.

அந்த வீட்டுத் திரையைப் பற்றிய என் கருத்து அவ்வளவு உயர்வானது அல்ல. மின்சாரத்துக்கு அது அருமையான பொருள்: கெட்டிலைப் போட்டதும் பச்சை விளக்கு சிவப்பாக மாறுவதைக் கண்டு, எங்கள் மகள் ஒரு வாரம் வீட்டில் உள்ள எல்லாப் பொத்தான்களையும் அணைத்துக்கொண்டே திரிந்தாள். எரிவாயுவில் அந்த உடனடிப் பலன் இல்லை. அடுப்பில் சாம்பாரை ஏற்றிவிட்டு வந்து திரையைப் பார்த்தால், அது இன்னும் காலையில் குளித்த வெந்நீரையே சொல்லிக்கொண்டிருக்கும். சாம்பாரை இறக்கிச் சாப்பிட உட்காரும் நேரத்தில்தான் அந்தக் கணக்கு வரும். 'இப்போது எவ்வளவு எரிகிறது' என்ற கேள்விக்கு எரிவாயுவைப் பொறுத்தவரை இந்தத் திரை பதில் சொல்லாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது. மாடி அறையில் வைத்தபோது தொடர்பு அடிக்கடி அறுந்தது. சமையலறையில், தொடர்புப் பெட்டிக்கு ஒரு சுவர் தள்ளி வைத்த பிறகு அந்தத் தொல்லை நின்றது.

துல்லியத்தைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் மீட்டரைச் சந்தேகிக்கிறார்கள். என் அனுபவத்தில் மீட்டரைச் சந்தேகிக்கக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. குழப்பம் எல்லாம் மீட்டருக்குப் பிறகு நடக்கும் பெருக்கலில் இருக்கிறது. மீட்டர் அளப்பது கன அளவு, அதாவது கன மீட்டர். பில் கேட்பது வெப்ப ஆற்றல், அதாவது கிலோவாட் மணி, நம் ஊர்ப் பேச்சில் யூனிட். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக மூன்று எண்கள் வேண்டும். கன மீட்டரை 1.02264 ஆல் பெருக்க வேண்டும். குழாயில் வரும் வாயுவின் அழுத்தமும் வெப்பமும் நிர்ணயித்த தரநிலையிலிருந்து மாறுவதை ஈடுசெய்யும் திருத்தக் காரணி இது, வாயுவின் சராசரி வெப்பநிலை 12.2 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக் கணக்கிட்டது. பிறகு அந்தக் காலத்தில் வந்த வாயுவின் கலோரி மதிப்பால், அதாவது ஒரு கன மீட்டரை எரித்தால் கிடைக்கும் வெப்பத்தின் அளவால், பெருக்க வேண்டும்; வடகடல் வாயுவும் கப்பலில் வரும் திரவ வாயுவும் கலந்து வருவதால் இது நாளுக்கு நாள் சற்றே மாறும், பொதுவாகக் கன மீட்டருக்கு 37.5 முதல் 43 மெகாஜூல் வரை இருக்கும். கடைசியாக 3.6 ஆல் வகுத்தால் யூனிட் கிடைக்கும். கலோரி மதிப்பு 39.5 என்றால், ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 11.2 யூனிட்.

ஒரு ஜனவரி பில்லை எடுத்துக்கொண்டு இதைச் சோதித்தேன். முப்பது நாளில் 168 கன மீட்டர். பில்லில் அச்சிட்ட கலோரி மதிப்பு 39.4, கணக்கிட்டால் 1,880 யூனிட், பில்லும் அதையே சொன்னது. வீட்டுத் திரை அதே நாட்களுக்கு 1,866 யூனிட் காட்டியது. காரணம் எளிது: பில்லில் அந்தந்த நாளின் கலோரி மதிப்பைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள், திரையோ மீட்டருக்குள் பதிந்து வைத்த ஒரே மதிப்பை வைத்துக் கணக்கிடுகிறது, எங்கள் மீட்டரில் அது 39.1. பதினான்கு யூனிட் வித்தியாசம் ஒரு பவுண்டுக்கும் குறைவு, அதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை. ஆனால் திரை காட்டும் பவுண்டுத் தொகை வேறு கதை. விலை உச்சவரம்பை ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதத் தொடக்கத்தில் மாற்றுகிறது, மாறும் கட்டணத் திட்டத்தில் இருப்பவர்களின் விலையும் அதோடு மாறுகிறது. எங்கள் நிறுவனம் புதிய விலையை மீட்டருக்கு அனுப்ப ஒரு முறை மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. அந்த மூன்று வாரமும் திரையில் பழைய விலையே ஓடியது. இன்னொரு விஷயம், எரித்தாலும் எரிக்காவிட்டாலும் நாளுக்கு இவ்வளவு என்று வாங்கும் நிலைக் கட்டணம் நள்ளிரவு தாண்டியதும் சேர்ந்துவிடுவதால், யாரும் எதையும் எரிக்காத விடியற்காலையிலும் திரையில் ஒரு தொகை நிற்கும். இதைக் கண்டு வாயு கசிகிறதோ என்று பயந்து என்னை எழுப்பிய விருந்தினரும் உண்டு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் மீட்டரின் பொத்தானை அழுத்தி கன மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்வதையும், யூனிட்டை நானே கணக்கிடுவதையும் வழக்கமாக்கிக்கொண்டேன். ஸ்மார்ட் மீட்டர் வாங்கியும் காகிதத்தில் கணக்கா என்று மனைவி கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது.

பழைய கன அடி மீட்டரை இன்னும் வைத்திருப்பவர்கள் ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நூறு கன அடி என்பது 2.83 கன மீட்டர். பில் போடும் இடத்தில் உங்கள் மீட்டரின் வகையைத் தவறாகப் பதிந்திருந்தால், பில் கிட்டத்தட்ட மூன்று மடங்காகவோ மூன்றில் ஒரு பங்காகவோ வரும். மீட்டரின் முகப்பில் எந்த அலகு எழுதியிருக்கிறது, பில்லில் எந்த அலகு எழுதியிருக்கிறது என்று ஒப்பிட இரண்டு நிமிடம் ஆகாது.

இந்த ஏற்பாட்டில் நான் மனமாரப் பரிந்துரைப்பது செயலிகளைத்தான். நிறுவனத்தின் சொந்தச் செயலி நாளுக்கு ஒரு தூண் வரைந்து காட்டும். பில் கட்டுவதற்கு அது போதும். அரை மணி அளவுகளைப் பார்க்க, டி.சி.சி. வழியாக நம் ஒப்புதலுடன் மீட்டரை நேரடியாகப் படிக்கும் வெளிச் செயலிகள் இருக்கின்றன. நான் பயன்படுத்துவது ஹில்டெபிராண்ட் நிறுவனத்தின் 'பிரைட்'. கட்டணம் கிடையாது, நிறுவனத்தை மாற்றினாலும் கணக்கு தொடரும். இந்த வீட்டில் இருப்பவர் நாம்தான் என்பதை உறுதிசெய்ய வீட்டுத் திரையில் இருக்கும் அடையாள எண்ணைக் கேட்கிறது, ஆகவே திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இந்த வகைச் செயலி எதுவானாலும் எரிவாயுவின் கணக்கு உடனுக்குடன் வராது, முழு நாளின் படம் மறுநாள்தான் தெளிவாகக் கிடைக்கும். மீட்டருக்குள்ளேயே பதின்மூன்று மாதங்களுக்கான அரை மணி அளவுகள் சேர்ந்திருப்பதால், செயலியைத் தாமதமாக நிறுவினாலும் பழைய நாட்களை மீட்டுப் பார்க்க வாய்ப்பு இருக்கிறது.

இந்த அரை மணித் தூண்கள் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் எரிவாயு எங்கே போகிறது என்பது எனக்கு விளங்கியது. எரிவாயு என்றாலே அடுப்பு என்று வளர்ந்தவன் நான். பருப்பு வேகும் நேரத்தைக் கணக்குப் பார்த்தவர்களின் பிள்ளை. இங்கே மூன்று பேருக்கு இரு வேளை சமைக்க நாளுக்கு மூன்று யூனிட் போதுகிறது, விருந்து நாளில் ஐந்து. யூனிட் 6 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால், மாதம் முழுவதும் அடுப்பெரிக்க ஐந்தரை பவுண்டு கூட ஆகவில்லை. வெந்நீர்க் குளியலுக்கு ஆறு யூனிட். மீதி அனைத்தும் வெந்நீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குள் போகிறது: ஒரு சாதாரண ஜனவரி நாளில் மொத்தம் 5.6 கன மீட்டர், அதாவது 63 யூனிட். நம் ஊர் 14.2 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ 190 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அம்மா இரண்டு மாதம் வைத்துச் சமைக்கும் ஒரு சிலிண்டரை நாங்கள் குளிர்காலத்தில் மூன்று நாளில் எரித்துத் தீர்க்கிறோம் என்பதை அவரிடம் சொன்னபோது, அவர் நம்பவில்லை. நானே பெருக்கிப் பார்த்துத்தான் நம்பினேன்.

கோடைக்காலத் தூண்களில் இன்னொன்று தென்பட்டது. ஜூலை மாதத்தில், எல்லோரும் தூங்கும் இரவு இரண்டு மணிக்கும் மூன்றரை மணிக்கும் ஐந்து மணிக்கும் 0.07 யூனிட் அளவில் குட்டித் தூண்கள் நின்றன. கசிவாக இருந்தால் எல்லா அரை மணியிலும் சமமாக இருந்திருக்கும். இது விட்டுவிட்டு வந்தது. தேடிப் பார்த்ததில், குழாயைத் திறந்ததும் வெந்நீர் வர வேண்டும் என்பதற்காக எங்கள் காம்பி பாய்லர் தன் வெப்பப் பரிமாற்றியை இரவும் பகலும் சூடாக வைத்திருக்கும் 'முன்சூடு' வசதிதான் அது என்று தெரிந்தது. நாளுக்கு ஒரு யூனிட் என்றால் ஆண்டுக்கு 365 யூனிட், கிட்டத்தட்ட 22 பவுண்டு. பெரிய தொகை இல்லைதான், ஆனால் மாதாந்திரப் பில்லை வைத்துக்கொண்டு இதை எந்தக் காலத்திலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

பாய்லரிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் நீரின் வெப்பத்தைக் குறைத்தால் எரிவாயு மிச்சமாகும் என்று பலரும் சொல்வதையும் இந்தத் தூண்களை வைத்துச் சோதித்தேன். கன்டென்சிங் பாய்லரில், திரும்பி வரும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையில் உள்ள நீராவி குளிர்ந்து தன் வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும். 75 டிகிரியில் நீரை அனுப்பினால் அது பெரும்பாலும் நடக்காது. நான் 60 டிகிரிக்கு இறக்கினேன். ஆனால் இந்த வாரத்தையும் சென்ற வாரத்தையும் அப்படியே ஒப்பிட்டால் வானிலை கணக்கைக் கெடுத்துவிடும். எனவே இங்கே வழக்கத்தில் உள்ள 'டிகிரி நாள்' முறையைக் கையாண்டேன்: வெளியே சராசரி வெப்பம் 15.5 டிகிரிக்கு எவ்வளவு கீழே போகிறதோ, அத்தனை டிகிரி அந்த நாளுக்கு. 63 யூனிட் எரித்த நாளில் வெளியே சராசரி 5.5 டிகிரி, ஆகவே பத்து டிகிரி. சமையலுக்கும் குளியலுக்கும் முன்சூட்டுக்கும் பத்து யூனிட்டைக் கழித்தால், டிகிரிக்கு 5.3 யூனிட். வெப்பத்தைக் குறைத்த பிறகு அடுத்த மூன்று வாரச் சராசரி டிகிரிக்கு 4.9. ஒரே வீட்டின் ஒரே குளிர்காலத்துக் கணக்கு இது. காற்று வீசிய நாட்களையும் விருந்தினர் தங்கிய நாட்களையும் நான் பிரித்துப் பார்க்கவில்லை. என்றாலும் அறைகள் சூடாக அரை மணி கூடுதலாக ஆகிறது என்பதைத் தவிர வேறு குறை தெரியாததால், அந்த அமைப்பை அப்படியே விட்டுவிட்டேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் தலைமுறையான ஸ்மெட்ஸ் 1 மீட்டர்கள், நிறுவனம் மாறியதும் பேச்சை இழந்து சாதாரண மீட்டராகிவிட்ட கதை பிரிட்டனில் பலருக்கும் தெரியும். பிறகு அவற்றைத் தொலைவிலிருந்தே டி.சி.சி.க்கு மாற்றும் வேலை நடந்தது. உங்களுக்குப் பொருத்துவது ஸ்மெட்ஸ் 2 தானா என்று கேட்டுக்கொள்வது நல்லது. அடுத்தது அந்தரங்கம். ஒரு வீட்டில் எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எந்த வாரம் ஊருக்குப் போகிறார்கள் என்பதையெல்லாம் அரை மணித் தூண்கள் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடும். நிறுவனம் எந்த இடைவெளியில் அளவை எடுக்கலாம் என்பதை நாம் மாற்ற முடியும். நான் நிறுவனத்துக்கு நாளுக்கு ஒரு முறை என்றும், செயலிக்கு அரை மணிக்கு ஒரு முறை என்றும் வைத்திருக்கிறேன். மூன்றாவது, இதைக் கசிவு காட்டும் கருவியாக யாரும் நினைத்துவிடக் கூடாது. அரை மணி தாமதித்துச் சொல்லும் ஒன்றால் உயிரைக் காக்க முடியாது. வாயு நாற்றம் வந்தால் 0800 111 999 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி தனியாக இருக்க வேண்டும்.

நடுத்தர வீட்டின் ஆண்டுப் பயன்பாடு 11,500 யூனிட் என்று ஆஃப்ஜெம் 2023-இல் வைத்த அளவுக்கு அருகில் உங்கள் பயன்பாடு இருந்தால், அல்லது அதைத் தாண்டினால், இந்த மீட்டரும் ஓர் அரை மணிச் செயலியும் கட்டாயம் வைத்துக்கொள்ளத் தக்கவை. மின் ஹீட்டரில் வாழ்ந்து, அடுப்புக்கு மட்டும் எரிவாயு எரிக்கும் சிறு அடுக்ககத்துக்கு, சரியான பில் வரும் என்பதைத் தவிர இதில் பெரிய லாபம் இல்லை. அங்கே எரிவாயுவுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி நிலைக் கட்டணமாகவே இருக்கும், அதை எந்தச் செயலியும் குறைக்காது.

முன்சூட்டை நான் ஆகஸ்டில் நிறுத்தினேன். குட்டித் தூண்கள் மறுநாளே மறைந்தன. சமையலறைக் குழாயில் வெந்நீர் வர முன்பைவிட அரை நிமிடம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருந்தது, அந்த அரை நிமிடமும் தண்ணீர் வீணாக ஓடியது. தண்ணீருக்கும் இந்த வீட்டில் மீட்டர் இருக்கிறது என்பதை மனைவி நினைவூட்டினார். இப்போது அது காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை மட்டும் இயங்குகிறது, செயலியில் அந்த இரண்டு மணி நேரத்தில் ஒன்றிரண்டு குட்டித் தூண்கள் நிற்கின்றன.